செருப்பு கழன்றது தெரியாத ஊரில் நரம்புப் பாடம்

நர்சிங் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் பருவத்திலேயே நரம்பு மண்டலம் வந்துவிடுகிறது. மூளையைச் சேர்ந்த நரம்புகள் 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து கிளம்புபவை 31 ஜோடி. குமாரபாளையத்திலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் வருகிற மாணவிகள் அத்தனை பெயர்களையும் ஆங்கில வாய்ப்பாடாக்கி, மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். அவர்களுக்கு உடற்கூறியல் நடத்துகிறவள் நான். இந்தப் பாடத்தைத் தாளில் மட்டும் சோதிப்பது போதாது, அப்பா அம்மாவின் பாதத்திலும் காதிலும் சோதிக்க வேண்டும் என்பது என் கட்சி.

நாமக்கல் லாரிப் பட்டறைப் பக்கம் சர்க்கரை உள்ள ஓட்டுநர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "செருப்பு எங்க கழண்டுச்சுன்னே தெரியலைங்க, வெறுங்காலோட நடந்திருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்பவர் ஒருவராவது இருப்பார். அது சிரிக்கிற விஷயமல்ல. கேபினில் இன்ஜின் சூடு பாதத்தைச் சுட்டாலும், கொப்புளம் வெடித்த பிறகுதான் அவருக்குத் தெரியும். தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்து கால் பெருவிரல் வரை ஒரே நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் ஓடுகிறது. ராஜவாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் கடைமடை காய்வதுபோல, சர்க்கரை கூடும்போது மிக நீண்ட இழையின் நுனிதான் முதலில் பட்டுப்போகிறது. மரத்துப்போவது கையை விட்டுக் காலில் தொடங்குவது இதனால்தான். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. மரத்த பாதத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் போதும்.

வலி தெரியாமல் போவதன் விலையை மருத்துவ உலகத்துக்குக் காட்டிய இடங்களில் நம் வேலூரும் ஒன்று. 1946இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழவில்லை, உணர்வற்ற கையில் மீண்டும் மீண்டும் பட்ட காயத்தால்தான் குறுகிப்போயின என்று கண்டார். 1966இல் அமெரிக்கா போன பிறகு அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் கொண்டுபோனார். வேலூரில் தெளிவான விஷயம் நாமக்கல் மாணவிக்குத் தேர்வுக் கேள்வியாக மட்டும் வந்து சேர்வது என்ன நியாயம்?

காதுக்கு வருவோம். என் அப்பா பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர். பட்டறைக்குள் யாரும் பேசிக்கொள்வதில்லை. நூல் அறுந்தால் ஒரு சைகை, டீ வேண்டுமென்றால் ஒரு சைகை. நம் உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் சுமார் 15,000தான். செத்தால் மனிதருக்கு மறுபடி முளைக்காது. இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகளை. அதனால் குரல் கேட்கும், சொல் பிரியாது. 'வேணும்னே கேக்காத மாதிரி இருக்காரு' என்று வீட்டில் சண்டை வரும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இரைச்சலால் வரும் இந்தச் செவிக்குறை தொழில்சார் நோயாகவே இடம்பெற்றது. ஆனால் வீட்டோடு ஒட்டி நாலு தறி போட்டிருப்பவரை அந்தச் சட்டம் எட்டியதே இல்லை.

இங்கே புத்தகத்தில் இருக்கும் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை மட்டும் போதாது. அழுக்கு அடைப்பு, செவிப்பறை ஓட்டை போன்ற ஒலி கடத்தும் பக்கக் கோளாறா, நரம்புப் பக்கக் கோளாறா என்று பிரிக்க அது உதவும். தறிக்காரரின் தொடக்கநிலைக் குறையை அது தவறவிட்டுவிடும். கை நீளத் தொலைவில் பின்னால் நின்று, ஒரு காதை மறைத்து, எண்களையும் எழுத்துகளையும் கிசுகிசுத்து, திருப்பிச் சொல்லச் சொல்லிப் பார்த்தால் சந்தேகம் கிளம்பும். பிறகு செவித்திறன் சோதனைக்கு அனுப்பலாம். எந்தச் சோதனை எதைப் பிடிக்கும், எதை விடும் என்று மாணவி உணர்வதுதான் படிப்பு.

பாடத்திட்டமே மூச்சு முட்டுகிறதே, இதற்கு நேரம் ஏது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நான் கேட்பது புதிய பாடமல்ல, இருக்கிற பாடத்துக்கு ஒரு வீட்டுவேலை. சொந்த அப்பாவின் உள்ளங்காலில் இழை வைத்து, "இங்க தெரியுதாப்பா?" என்று கேட்டு, அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்தவளுக்கு எந்த நரம்பு எந்தத் தோலுக்குப் போகிறது என்று மறக்காது. ஒரு பாதம் காப்பாற்றப்பட்டால் அது உபரி லாபம்.

எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதலாண்டிலிருந்தே கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்திருக்கிறது. சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியும், 2022இல் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் அந்த வருகைகளில் பாதமும் காதும் பார்ப்பதைக் கட்டாயமாக்கலாம். நர்சிங் கல்லூரிகள் உள்மதிப்பீட்டில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். ஒவ்வொரு மாணவியும் தெருவில் ஐந்து பேரைச் சோதித்து, உணர்வு குறைந்தவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கையோடு கூட்டிப்போக வேண்டும். மதிப்பெண்ணை நான் அங்கே தருகிற சீட்டைப் பார்த்துப் போடுகிறேன்.