தங்கம் எத்தனை பர்சென்ட்?

கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பிராஸஸர் என்ன, மெமரி எத்தனை ஜி.பி. என்று மாப்பிள்ளைக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி விசாரிப்பார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. அது கல்யாண வீட்டு சமையல்காரர் மாதிரி. சாம்பார் தீய்ந்தால்தான் ஞாபகம் வரும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 என்று பொடிசாக்கி உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் பரிமாறுகிற தகரப் பெட்டி அது. மட்டமான சரக்காக இருந்தால், தான் போகிறபோது மதர்போர்டையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும்.

பெரிய காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில் எனக்கு ஒரு நண்பர். பட்டுப் புடவைக்கு பார்டர், புட்டா, முந்தி டிசைனெல்லாம் கம்ப்யூட்டரில் போடுகிறவர். அவர் போடுகிற டிசைன்தான் ஜக்கார்டு அட்டையாகித் தறிக்குப் போகும். போன முகூர்த்த சீசனில் பெட்டி புகைந்து மெஷின் படுத்துவிட்டது. பாவு ஏற்றிய தறி மூன்று நாள் அட்டைக்காகக் காத்திருந்தது. புடவைக் கணக்கில் கூலி வாங்குகிற குடும்பத்துக்கு மூன்று நாள் என்பது சின்ன விஷயமில்லை.

"சார், இந்த முறை ஒசத்தியா ஒண்ணு போட்டுடலாம்னு இருக்கேன். 1000 வாட், கோல்டு. பதினஞ்சாயிரத்துச் சொச்சம் சொல்றாங்க. வாங்கலாமா?"

வாங்குமுன் அளந்துவிடலாம் என்றேன். பிளக்குக்கு நடுவில் செருகுகிற வாட் மீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. இரவல் மெஷினில் அவருடைய டிசைன் சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்த்தோம். சும்மா கோடு போடும்போது 140. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் முடுக்கி விரட்டினால் 220. இதற்கு 1000 வாட் என்பது இரண்டு பேர் சாப்பிட அண்டா வாங்குகிற மாதிரி. தவிர, இந்தப் பெட்டிகள் சுமார் பாதி பாரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். அஞ்சில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால் சிக்கனமும் இறங்கும்.

அடுத்து, லேபிள். செத்துப்போன பெட்டியின் மேல் '450 வாட்' என்று பெரிசாகப் போட்டிருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 192 வாட். இன்றைய கம்ப்யூட்டர் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான் உயிர் வாழ்கிறது. மிச்சமெல்லாம் 5-லும் 3.3-லும் போட்டு ஒப்பேற்றிய கணக்கு. ஒழுங்கான 750 வாட் பெட்டியில் இதே இடத்தில் 62 ஆம்பியருக்குக் குறையாது. கடைக்குப் போனால் பெரிய எழுத்தை விட்டுவிட்டு இந்தப் பெருக்கலை மட்டும் போடுங்கள். கடைக்காரர் மரியாதையாகப் பேச ஆரம்பிப்பார்.

இந்த 'கோல்டு' சமாசாரம் 2004-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த '80 பிளஸ்' என்கிற சர்டிஃபிகேட்டில் ஒரு படி. அவர்கள் ஊர் 115 வோல்ட்டில் பாதி பாரம் ஏற்றும்போது நூற்றுக்கு 90 பங்கு மின்சாரம் உருப்படியாக உள்ளே போனால் கோல்டு. 85 போனால் பிரான்ஸ். மீதி சூடாக வெளியே வரும். நம்ம ஊர் 230 வோல்ட்டில் ஒன்றிரண்டு கூடவே தேறும். சரி, காசு மிச்சமாகுமா? தாராளமாக 200 வாட், தினம் 8 மணி, வருஷத்துக்கு 300 நாள். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பிரான்ஸுக்கும் கோல்டுக்கும் வித்தியாசம் வருஷத்துக்கு சுமார் 250 ரூபாய். கரண்ட் பில்லுக்காகக் கோல்டு வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நண்பரின் அப்பா, ஆயுசு முழுக்க தறியில் இருந்தவர், சிரித்தார். "எழுதி ஒட்டினதை நம்பினா நாங்க எப்பவோ தறியை வித்திருக்கணும் சார். ஜரிகையைச் சுரண்டிப் பார்க்கணும். உள்ள செவப்புப் பட்டு நூல் வந்தாத்தான் சரக்கு."

இப்போது காஞ்சிபுரத்தில் சுரண்ட வேண்டாம். எக்ஸ்ரே மெஷினில் வைத்தால் வெள்ளி எத்தனை, தங்கம் எத்தனை என்று சொல்லிவிடும். பெட்டிக்கும் அப்படி ஒரு சுரண்டல் உண்டு. ஆனால் கடையில் நடப்பது அதுவல்ல. ஒரு சின்ன டெஸ்டரைச் செருகி, 12.1 என்று காட்டி, "பக்கா சார்" என்பார்கள். பாரமே ஏற்றாமல் வோல்டேஜ் பார்ப்பது, வண்டியை ஸ்டாண்டில் போட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்குவதற்குச் சமானம். நிஜமான சோதனையில் முழு பாரம் ஏற்றி, ஆஸிலாஸ்கோப்பில் 12 வோல்ட்டின் மேல் எத்தனை அலை துடிக்கிறது என்று பார்ப்பார்கள். 120 மில்லிவோல்ட் வரை விதி அனுமதிக்கிறது. உயர்ந்த ரகங்கள் அதில் கால்பங்கைக்கூடத் தொடுவதில்லை. கோல்டு முத்திரை இதைப் பற்றி மூச்சு விடாது. சிக்கனத்தை மட்டும்தான் சொல்லும்.

நாம் வீட்டில் பார்க்கக்கூடியவை வேறு. முழு வாட்டை எத்தனை டிகிரி சூட்டில் தருவதாகச் சொல்கிறார்கள்? 80 பிளஸ் சோதனை நடப்பது 23 டிகிரி வாக்கில். காஞ்சிபுரத்தில் அக்னி நட்சத்திரத்தில் அது ஐஸ் கம்பெனியில்தான் கிடைக்கும். 50 டிகிரி என்று போட்டிருந்தால் நல்லது. உள்ளே இருக்கிற கெபாஸிட்டர்கள் 85 டிகிரி ரகமா, 105-ஆ? பத்து டிகிரி சூடு குறைந்தால் அவற்றின் ஆயுள் இரண்டு மடங்கு என்பது உத்தேசக் கணக்கு. வாரண்டி மூன்று வருஷமா, பத்தா? செய்தவர் யார்? பெட்டி மேல் பேர் போடுகிறவர்கள் பலர் தாங்களே செய்வதில்லை. சூரத் ஜரிகை காஞ்சிப் புடவையாகிற மாதிரிதான், தைவான் கம்பெனிகள் பேர் இல்லாமல் செய்து கொடுக்கும்.

இதெல்லாம் பேசிக்கொண்டே கேபினெட்டில் கை வைத்தேன். சுருக்!

"அது எப்பவும் அப்படித்தான் சார், செருப்புப் போட்டுக்குங்க" என்றார் நண்பர்.

எலெக்ட்ரீஷியனை வரவழைத்தோம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 218. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 90, 110 என்று அலைந்தது. அதாவது, எர்த்தே இல்லை. மூன்றாவது ஓட்டை அலங்காரத்துக்கு. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சத்தத்தை வடிகட்ட இரண்டு குட்டி கெபாஸிட்டர்கள் தகரப் பெட்டியோடு சேர்ந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி பாதி வோல்டேஜில் மிதக்கும். பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கினாலும் இதே சுருக்குத்தான். உள்ளே ஒயர் நழுவி கேபினெட்டில் பட்டால் ஃபியூஸ் போகாது, ஆள்தான் போவார். செருப்பு எத்தனை நாள் காப்பாற்றும்?

கடைசியில் 550 வாட் கோல்டு, ஏழு வருஷ வாரண்டி ஒன்று வாங்கினார். 100-லிருந்து 240 வோல்ட் வரை தாங்குகிற ரகம். சாயங்காலம் லோ வோல்டேஜில் முனகாது. மிச்சப்பட்ட பணத்தில் கொல்லைப்புறம் குழி வெட்டி உப்பும் கரியும் போட்டு எர்த் இறக்கினார்கள்.

இன்னொன்று பாக்கி. கரண்ட் போனால் நல்ல பெட்டி சுமார் 17 மில்லிசெகண்ட் மூச்சடக்கும். அதற்குள் இன்வெர்ட்டர் கைமாற்றிவிட வேண்டும். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்னால் 'யு.பி.எஸ்.' என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அந்தப் பக்கம் தள்ளினால்தான் சீக்கிரம் மாறும். ஸ்குவேர் வேவ் இன்வெர்ட்டரானால் புதிய ரகப் பெட்டிகள் சில முரண்டு பிடித்து அணைந்துவிடும். சைன் வேவ்தான் சரி. நண்பர் வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவ்தான். ஸ்விட்ச் மட்டும் மறுபக்கம் இருந்தது. அப்பா எழுந்துபோய் விளக்குமாற்றுக் குச்சியால் தள்ளினார்.