கொம்புக்கு நடுவே 18 மில்லிமீட்டர்

கையில் கட்டியிருக்கும் வாட்சைக் கழற்றி, ஸ்ட்ராப் மாட்டுகிற இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். டயலுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று குட்டிக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஜோடிக் கொம்புக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங் பின். அந்த இடைவெளி 18 மில்லிமீட்டரா, 20-ஆ, 22-ஆ? தெரியாவிட்டால் குற்றமில்லை, கடைக்காரர் அளந்து சொல்லிவிடுவார். ஆனால், உங்கள் வாட்சில் கொம்பும் இல்லை, பின்னும் இல்லை, கம்பெனிக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒரு காடியில் ஸ்ட்ராப் போய்ச் செருகிக்கொண்டிருக்கிறது என்றால்... ஸாரி, அந்த வாட்ச் முழுசாக உங்களுடையது இல்லை. அது எத்தனை வருஷம் உங்கள் கையில் இருக்கலாம் என்று முடிவு செய்கிற உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் கம்பெனி உங்களுக்கு விற்றிருக்கிறது.

எனக்கு இந்தக் கோபத்தைக் கிளப்பிவிட்டது ஒரு பழைய ஹெச்.எம்.டி. பைலட். போன பொங்கல் முடிந்த வாரத்தில், திருவல்லிக்கேணியில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் வாங்கினேன். கறுப்பு டயல், வெள்ளை எண்கள், 17 ஜுவல். தினம் காலையில் சாவி கொடுக்கவேண்டும். பேட்டரி, சார்ஜர், ஆப் எதுவும் கிடையாது. காதில் வைத்தால் டிக்டிக் கேட்கும். இந்த வயசில் அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் வீட்டில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

"யாரோ செத்துப்போனவன் வாட்சா இருக்கும்டா" என்றார் அத்தை. இருக்கலாம். அவர் குடியிருக்கும் வீடும் ஒருகாலத்தில் வேறு யாரோ கட்டியதுதான். காதில் போட்டிருக்கும் வைரத்தோடு அவருடைய மாமியாருடையது. அதற்கெல்லாம் பரம்பரை என்று பெயர், என் வாட்சுக்கு மட்டும் பழசு! இதே சமாசாரத்தைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூமில் வைத்து 'ப்ரீ-ஓன்ட்' என்று சொன்னால், கார் வாங்க வரிசையில் நிற்கிறோம்.

பி.காம்.-ல் தேய்மானம் என்று ஒரு கணக்கு சொல்லித்தந்தார்கள். ஒரு பொருளின் விலையில் வருஷா வருஷம் இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்தால், ஒருநாள் புத்தகத்தில் அதன் மதிப்பு பூஜ்யத்துக்கு வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், பொருள் அப்போதும் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இந்த பைலட் அப்படி எத்தனை தடவை பூஜ்யமாகியிருக்குமோ! அதைச் செய்த கம்பெனியையே மூடியாகிவிட்டது. ஜப்பானின் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து ஹெச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது 1961-ல். 1984-ல் டாடாவும் நம்ம ஊர் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்களை இறக்கியதும், சாவி கொடுக்கிற வாட்சுக்கு மவுசு போயிற்று. 2016 ஜனவரியில் ஹெச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பெற்றவன் போய்விட்டான், பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படி? திறக்க முடிகிற பின்மூடி, இன்னொரு வாட்சிலிருந்து எடுத்துப் போட முடிகிற பாகங்கள், அப்புறம் அந்த 18 மில்லிமீட்டர்.

அந்த 18 மில்லிமீட்டர் எனக்குக் கொடுத்த சந்தோஷத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

வாங்கியபோது கறுப்பு ரெக்ஸின் ஸ்ட்ராப் ஒன்று பாளம் பாளமாக வெடித்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கடாசிவிட்டு முதலில் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு தோல் ஸ்ட்ராப் போட்டேன். ரிடையரான தாசில்தார் களை வந்துவிட்டது. சட்டையை டக்-இன் செய்யாமல் அதைக் கட்டவே சங்கடமாக இருந்தது. அடுத்து ஒரு ஸ்டீல் செயின். கனமாக, பளபளவென்று, மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச் மாதிரி. அழகுதான், ஆனால் மணிக்கட்டு முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சித்ரவதை செய்தது. இரண்டே நாளில் கழற்றிவிட்டேன்.

மூன்றாவதாகச் சாம்பல் நிற நைலான் பட்டை. இப்போது கடைகளில் இதை நேட்டோ ஸ்ட்ராப் என்கிறார்கள். 1973-ல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் இதற்கு ஒரு விவரக்குறிப்பு போட்டது. சிப்பாய் இதைக் கேட்டு வாங்க நிரப்பிக் கொடுக்கவேண்டிய படிவத்தின் பெயர் ஜி-10. அதுவே பட்டைக்கும் பெயராகிவிட்டது. இரண்டு பின்களுக்கும் உள்ளே நுழைந்து வாட்சுக்கு அடியிலேயே ஒரே பட்டையாக ஓடுவதால், ஒரு பின் உடைந்தாலும் வாட்ச் கீழே விழாது, இன்னொரு பின்னில் தொங்கும். சென்னை மே மாசத்துக்கு இதைவிட உத்தமமான ஸ்ட்ராப் இல்லை. தோல் ஸ்ட்ராப் நம் வேர்வையில் ஊறி ஒரு வாசனை கிளப்புமே, இதில் அது கிடையாது. சாயங்காலம் சோப்புப் போட்டுக் கசக்கிக் காயப்போட்டால் காலையில் ரெடி.

கடைசியாக ஒன்று. எங்கள் தெருமுனையில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் வாட்சைக் காட்டி, "இதுக்கு ஒரு வார் பண்ண முடியுமா?" என்று கேட்டேன். ஆம்பூரிலிருந்து வந்த வெட்டுத் துண்டு ஒன்று அவரிடம் இருந்தது. நூலை வைத்துக் கொம்புக்கு நடுவே அளந்தார், வெட்டினார், மடித்தார், மெழுகு நூலால் தைத்தார். முக்கால் மணி நேரம். பழைய ஸ்ட்ராப்பிலிருந்து பக்கிளைக் கழற்றி இதில் மாட்டிக் கொடுத்தார். முரட்டு வார், தையல் ஒரு பக்கம் லேசாகக் கோணல். எல்லா ஸ்ட்ராப்பிலும் இதுதான் எனக்குப் பிடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், "அப்பா, இன்னொரு வாட்ச் வாங்கிட்டியா?" என்றாள். அதே வாட்ச்தான். 

இப்போது யோசியுங்கள். அந்தப் பெரியவருக்கு ஹெச்.எம்.டி. கம்பெனியின் அனுமதி தேவைப்படவில்லை, லைசென்ஸ் தேவைப்படவில்லை, ஸ்பெஷல் டூல் தேவைப்படவில்லை. நூல் போதும். இந்த ஏற்பாட்டைத்தான் கம்பெனிகள் ஓசைப்படாமல் ஒழித்துக்கொண்டிருக்கின்றன.

என் மேஜை டிராயரில் இன்னொரு வாட்ச் கிடக்கிறது. பெயர் வேண்டாம், பெரிய கம்பெனிதான். புதிதாக வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ரப்பர் ஸ்ட்ராப், கேஸுக்குள் புகுந்துகொள்கிற மாதிரி விசித்திரமான வெட்டு. அந்த வெட்டு இருந்த இடத்திலேயே விரிசல் விட்டு அறுந்தது. ஷோரூமுக்குப் போனால், "அந்த மாடல் ஸ்டாப் ஆயிடுச்சு சார், ஸ்ட்ராப் வராது. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு, பாக்கறீங்களா?" என்றார் அந்தப் பையன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வாட்ச் இன்றைக்கும் நொடி பிசகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. டிராயருக்குள்ளே! பேட்டரி நன்றாக இருக்கிறது, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. ரப்பர் துண்டு ஒன்று அறுந்ததால் பல ஆயிரம் ரூபாய்ப் பொருள் குப்பை. தேய்மானக் கணக்கில் பூஜ்யம் வருகிற அன்றைக்குப் பொருளும் நிஜமாகவே பூஜ்யமாகிவிட்டால் நமக்கு எவ்வளவு நல்லது என்று யாரோ ஒரு புத்திசாலி எங்கோ ஒரு மீட்டிங்கில் யோசித்திருக்கிறார்.

டிசைன் சார், டிசைன் என்பார்கள். ஸ்ட்ராப்பும் கேஸும் ஒரே உடம்பாக வழிந்து இறங்கினால்தான் அழகாம். இந்த அழகு 1972-ல் ஜெரால்டு ஜென்டா வரைந்த ராயல் ஓக் வாட்சில் வந்தது. ஸ்டீல் வாட்சைத் தங்க வாட்ச் விலைக்கு விற்ற சமாசாரம் அது. அதை வாங்குகிறவருக்கு ஸ்ட்ராப் போனால் கவலையில்லை, ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்புவார். சில ஆயிரத்துக்கு வாட்ச் வாங்குகிறவன் எங்கே அனுப்புவான்? 'தண்ணி உள்ளே போகாம இருக்கத்தான் இப்படி' என்று ஒரு விற்பனையாளர் என்னிடம் சொன்னார். தண்ணீரைத் தடுப்பது பின்மூடிக்கும் சாவிக்கும் போட்டிருக்கும் ரப்பர் வளையம். ஸ்ட்ராப்புக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது.

கஷ்டமான வேலைக்கெல்லாம் ஸ்பெஷல் ஸ்ட்ராப் வேண்டாமா என்று கேட்டால், 1969-ல் சந்திரனில் இறங்கிய பஸ் ஆல்ட்ரினின் கையைப் பாருங்கள். ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், ஒட்டிப் பிரிக்கிற நீளமான துணிப்பட்டையில். விண்வெளி அங்கியின் தடித்த கைக்கு மேலே கட்டவேண்டும் என்பதற்காகப் பட்டையைத்தான் நீளமாக்கினார்கள். 1964-ல் வந்த 'கோல்டுஃபிங்கர்' படத்தில் ஷான் கானரி கட்டியிருக்கும் பட்டை, ரோலெக்ஸின் கொம்பு இடைவெளிக்குப் பொருந்தாமல் ஒல்லியாக இருக்கும், பின் வெளியே தெரியும். ஜேம்ஸ் பாண்டுக்கே அளவு சரியாக இல்லாத ஸ்ட்ராப் போதும் என்றால் நமக்கென்ன?

ஸ்மார்ட் வாட்ச் வந்தபிறகு இந்த வியாதி இன்னும் முற்றிவிட்டது. 2015-ல் வந்த ஆப்பிள் வாட்ச் தனக்கென்று ஒரு காடியோடு வந்தது. அந்தக் காடியை அடிக்கடி மாற்றாமல் வைத்திருப்பதால் பழைய ஸ்ட்ராப் அளவு பார்த்துப் பின்னாளைய மாடலிலும் ஏறுகிறது, நடைபாதையிலும் வேறு ஆட்கள் செய்தது கிடைக்கிறது. அதுவரைக்கும் சரி. சாம்சங்கின் கேலக்ஸி வாட்ச்களில் பல மாடல்களுக்குச் சாதாரண 20 மில்லிமீட்டர் பின்தான் இருந்தது. ஆக, கம்ப்யூட்டரே உள்ளே இருந்தாலும் பின் வைக்க முடியும் என்று அவர்களே நிரூபித்தார்கள். 2024-ல் வந்த அல்ட்ரா மாடலில் அதை எடுத்துவிட்டுத் தனி மாட்டு வைத்தார்கள். பிரின்டரைச் சல்லிசாக விற்றுவிட்டு இங்க்கில் கறக்கிற அதே வித்தை.

பழசில் மட்டும் ஏமாற்று இல்லையா? தாராளமாக உண்டு. பழைய ஹெச்.எம்.டி., பழைய சீக்கோவுக்கெல்லாம் டயலை இஷ்டத்துக்கு வர்ணம் அடித்து, புது எழுத்து அச்சடித்து, 'ஒரிஜினல்' என்று இன்டர்நெட்டில் விற்கிறார்கள். 'மும்பை ஸ்பெஷல்' என்று வெளிநாட்டுக்காரர்கள் கிண்டலாகப் பெயரே வைத்திருக்கிறார்கள், நமக்கு இது பெருமையா? கிளிப்பச்சை நிறத்தில் பைலட் வந்தால், எழுத்து ஓரம் பிசிறடித்தால், தள்ளி நில்லுங்கள். ஆனால், இந்தத் திருட்டு வாங்குகிறபோது ஒரு தடவை நடப்பது, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். ஸ்ட்ராப் விஷயத்தில் ஷோரூமிலேயே பில் போட்டுச் சட்டப்படி சிக்கவைக்கிறார்கள்.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. இதற்கெல்லாமா சட்டம் என்று சிரிக்காதீர்கள். செல்போன் சார்ஜருக்கும் முதலில் இப்படித்தான் சிரித்தார்கள். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய யூனியனில் புதிதாக விற்கும் செல்போன்களுக்கு டைப்-சி கட்டாயம் என்றானதும், அத்தனை கம்பெனியும் வழிக்கு வந்தன. இங்கே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமை பற்றி ஆராய 2022-ல் ஒரு குழு போட்டது, அந்த டிசம்பரிலேயே ஒரு வெப்சைட்டும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன் மற்றும் எலெக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நாலு துறை குறித்தார்கள். சாதாரண வாட்சுக்கு அதில் தனி வரி இல்லை.

நான் கேட்பது ரொம்ப அதிகமில்லை. வாட்ச் டப்பாவின் மேல், விலைக்குப் பக்கத்திலேயே ஸ்ட்ராப்பின் அகலம் மில்லிமீட்டரில் அச்சடிக்கப்பட வேண்டும். பொதுவான பின் இல்லையென்றால், 'இதில் எங்கள் ஸ்ட்ராப் மட்டுமே பொருந்தும்' என்று அதே சைஸ் எழுத்தில் தமிழிலும் போடவேண்டும். அப்படி விற்கிறவர், கடைசி வாட்சை விற்ற நாளிலிருந்து 10 வருஷத்துக்கு ஸ்ட்ராப்பை ஸ்டாக் வைத்துக் கொடுக்கவேண்டும். முடியாது என்றால், அந்தக் காடியின் அளவுகளை ஊருக்கே சொல்லிவிடட்டும். எங்கள் தெருமுனைப் பெரியவர் பார்த்துக்கொள்வார்.

ஓடிக்கொண்டே டிராயரில் கிடக்கும் வாட்ச் உங்கள் வீட்டிலும் இருக்கும். மாடல் பெயர், வாங்கிய வருஷம், ஸ்ட்ராப் கேட்டதற்கு ஷோரூமில் சொன்ன பதில், இந்த மூன்றையும் ஒரு போஸ்ட் கார்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள். பில் இருந்தால் ஜெராக்ஸும் சேர்த்து. மொத்தமாகக் கட்டி டெல்லிக்கு அனுப்பி வைக்கிறேன்.