ஆய்வெல்லையும் எட்டு ஜிபியும்

இந்தியப் பல்கலைக்கழகத் துறைகளில் புதிய டெஸ்க்டாப் வாங்கும்போது அதில் எவ்வளவு மெமரி இருக்க வேண்டும் என்பதை எவரும் முடிவு செய்வதில்லை. முந்தைய ஆண்டின் கோப்பே முடிவு செய்கிறது. அலுவலகத்தில் பழைய இன்டென்ட் படிவம் திறக்கப்படும். தேதி மாறும், ப்ராசஸரின் தலைமுறை எண் ஒன்றிரண்டு ஏறும், 'ரேம்: 8 ஜிபி' என்ற வரி மட்டும் இருந்தபடியே இருக்கும். கொள்முதல் குழு விலையைப் பார்த்துக் கையெழுத்திடும். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு அத்துறையில் எத்தகைய ஆய்வு நடக்கலாம், எது நடக்க இயலாது என்பது அந்த ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது. பாடத்திட்டத்தில் ஒரு தாளின் தலைப்புக்காக இரண்டு நாள் வாதிடும் பேராசிரியர்கள் இதை எழுத்தர் வேலையென்று ஒதுக்குவது விந்தை.

மானுடவியல் புலங்களில் இந்த அலட்சியத்துக்கு ஒரு கருத்தியலும் உண்டு: மொழித்துறையினர் தட்டச்சு செய்யத்தானே கணினி கேட்கிறார்கள்? யுஜிசி இளநிலை ஆய்வு உதவித்தொகையின் எதிர்பாராச் செலவுத் தொகையிலேயே இந்த எண்ணம் பதிந்திருக்கிறது. அறிவியல் மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ரூ.12,000, பின்னர் ரூ.25,000, மானுடவியல், சமூக அறிவியல் மாணவருக்கு ரூ.10,000, பின்னர் ரூ.20,500. மொழியியல் எந்தப் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த 'தட்டச்சு'க்குள் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கள ஆய்வில் ஒரு மணி நேரம் பதிவு செய்த பேச்சு, 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில், ஒற்றைத் தடத்தில், 16 பிட் கோப்பாக வட்டில் ஏறத்தாழ 318 எம்பி இடம் பிடிக்கும். ஒலி ஆய்வு மென்பொருள் அதைக் கணக்கீட்டுக்காக ஒரு மாதிரிக்கு 8 பைட் என்று மெமரியில் விரிக்கும்போது அதே பதிவு 1.27 ஜிபி ஆகிறது. ஒரு பேச்சாளர், ஒரு மணி நேரம், இன்னும் எந்த ஆய்வும் தொடங்கவில்லை. விண்டோஸும் பிரௌசரும் ஏற்கெனவே தமக்குரிய பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் திரைக்கான பங்கும் இதே ரேமிலிருந்துதான் போகும்.

எழுத்துத் தரவகம் இன்னும் மோசம். 'தமிழ்' என்ற சொல்லை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்க 15 பைட் வேண்டும். அதையே ரோமன் எழுத்தில் எழுதினால் 5 பைட். தேவநாகரிக்கும் கன்னடத்துக்கும் மலையாளத்துக்கும் இதே கதிதான். ஆனால் பைட்டைவிடப் பெரிய சுமை இலக்கணத்திலிருந்து வருகிறது. வீடு என்ற ஒரு சொல் வீட்டை, வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீடுகளிலும், வீட்டிலிருந்துதானே என்று விரிந்துகொண்டே போகிறது. வினைச்சொல்லின் விரிவைச் சொல்லவே வேண்டாம். ஒரே அளவுள்ள ஆங்கிலத் தரவகத்தைக் காட்டிலும் தமிழ்த் தரவகத்தில் வேறுபட்ட சொல்வடிவங்கள் பல மடங்கு மிகுதி. 50,000 சொல்வடிவங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் அணியை 8 பைட் எண்களால் நிரப்பினால் 20 ஜிபி ஆகும். தமிழுக்கு 50,000 என்பது பெரிய எண்ணும் அன்று.

மெமரி நிரம்பினால் கணினி நின்றுவிடுவதில்லை. நின்றால்கூட நல்லது, குறையாவது வெளியே தெரியும். மிஞ்சியதை அது வட்டுக்கு எழுதி, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி, சுழலும் ஹார்டு டிஸ்கிலிருந்து எடுக்கச் சில மில்லி விநாடி. பல்லாயிரம் மடங்கு தாமதம். எஸ்எஸ்டி இந்த இடைவெளியைக் குறைக்குமே தவிர நீக்காது. இரவில் ஓடவிட்ட நிரல் காலையிலும் அதே இடத்தில் நிற்கும், அல்லது பிழைச்செய்தியோடு மூடியிருக்கும்.

அதன்பின் மாணவர் செய்வதுதான் இங்கே கவலைக்குரியது. அவர் புகார் எழுதுவதில்லை. கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறார். அணியை 10,000 சொல்லாகக் குறைத்தால் 0.8 ஜிபிதான், ஓடிவிடும். அடிக்கடி வரும் 10,000 வடிவங்களே எடுத்துக்கொள்ளப்பட்டன என்று 'ஆய்வு எல்லை' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி எழுதப்படுகிறது. வெட்டுண்டவை எவை? அரிதாக வரும் வடிவங்கள். அதாவது பல விகுதிகள் அடுக்கி வந்தவை, தமிழின் உருபனியலை ஆராய வந்தவர் முதலில் பார்த்திருக்க வேண்டியவை. வாய்மொழித் தேர்வில் யாராவது காரணம் கேட்டால் முறையியல் சார்ந்த விடை ஒன்று தயாராக இருக்கும். இன்டென்ட் படிவத்தின் ஏழாவது வரிதான் காரணம் என்று ஆய்வேட்டில் எவரும் எழுத முடியாது.

'நிரலை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொடுங்கள்' என்பது கணினியியல் துறை நண்பர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. இதில் உண்மை உண்டு. அந்த அணியில் பெரும்பாலான கட்டங்கள் பூஜ்யம். பூஜ்யமல்லாதவற்றை மட்டும் சேமித்தால் அளவு வெகுவாகச் சுருங்கும், கோப்பையும் வரிவரியாகப் படிக்கலாம். ஆனால் எல்லாச் சொற்களுக்கும் இடையிலான தொலைவைக் கணக்கிட்டுக் கொத்துகளாகப் பிரிக்கும் கட்டத்தில் பூஜ்யங்கள் மறைந்து பழைய 20 ஜிபி திரும்பி வந்துவிடும். சிக்கனமான நிரல் ஒரு திறமை. அதை ரேமுக்கு மாற்றாக விற்பது, குடிநீர்க் குழாய் போடாமல் நீர்ச் சிக்கனம் பற்றிப் பேசுவதைப் போன்றது.

'இலவச மேகக்கணினி இருக்கிறதே' என்பது இன்னொன்று. கூகுள் கோலாபின் இலவச அமர்வு அதிகபட்சம் 12 மணி நேரம். அதற்கு முன்பே துண்டிக்கப்படலாம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. பழங்குடி ஊர் ஒன்றில் முதியவர் ஒருவர் தம் குடும்பக் கதையைச் சொன்னது அந்த ஆய்வுக்கென ஒப்புதல் அளித்துத்தான். அந்தக் குரலை அவருக்குத் தெரியாமல் வேறொரு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும் உரிமை மாணவருக்கு இல்லை. தரவு அறைக்குள்ளேயே இருக்க வேண்டுமென்றால் அதைத் தாங்கும் கணினியும் அறைக்குள் இருந்தாக வேண்டும்.

விதிகளைக் காட்டித் தப்பிப்பதும் செல்லாது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள்படி ஜெம் தளத்தில் கிடைப்பதை அங்கேதான் வாங்க வேண்டும், குறைந்த விலைக்கே முன்னுரிமை என்பது சரி. ஆனால் கேட்ட தகுதியை நிறைவு செய்பவற்றுள் குறைந்த விலை என்றுதானே விதி? 16 என்று எழுதினால் 16இல் மலிவானது வரும். 8 என்று எழுதியதால் 8இல் மலிவானது வந்தது. பிறகு கூடுதல் ரேம் போட்டுக்கொள்ளலாம் என்ற ஆறுதலும் வெறும் பேச்சு. பெட்டியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று விற்பனையாளர் சொல்வார், ஒரு ரேம் துண்டை எந்தக் கணக்குத் தலைப்பில் காட்டுவது என்று நிதிப் பிரிவு கேட்கும், இரண்டாவது ஸ்லாட் கணினியின் ஆயுள் முழுக்கக் காலியாகவே கிடக்கும்.

விலை ஏறியிருப்பது உண்மை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதில் 2025இன் பிற்பகுதியில் மெமரி விலை கடுமையாக உயர்ந்தது. நுகர்வோருக்கான க்ரூஷியல் ரேம் விற்பனையைக் கைவிடுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. பணம் போதாதென்றால் ப்ராசஸரில் ஒரு படி இறங்கலாம். ஐ7 போட்டு 8 ஜிபி கொடுப்பது அகலமான அடுப்பில் ஆழாக்குச் சட்டியை வைப்பது.

எல்லோருக்கும் 64 ஜிபி என்று கேட்பதும் அபத்தமே. கடிதம் அடிக்கும் அலுவலக மேசைக்கு 8 ஜிபி இப்போதும் ஓடும். (துறையின் மிகச் சிறந்த கணினி தலைவர் அறையில் மின்னஞ்சல் திறந்துகொண்டிருப்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.) ஆய்வு மாணவர் மேசைக்கு 16 ஜிபி அடித்தளம், 2024 அக்டோபரில் ஆப்பிள்கூடத் தன் மேக் கணினிகளின் தொடக்க அளவை 16 ஆக்கிவிட்டது. தரவகம், பேச்சொலி, படிமமாக்கிய சுவடி ஆகியவற்றில் வேலை செய்பவருக்கு 32, மதர்போர்டில் குறைந்தது ஒரு ஸ்லாட் காலியாக. இந்த மூன்று எண்களை எந்த மேசைக்கு எது என்று பிரித்து எழுத அரைமணி நேரத் துறைக் கூட்டம் போதும். அதில் இரண்டு ஆய்வு மாணவர்களும் உட்கார்ந்திருக்க வேண்டும். மார்ச் 31க்குள் நிதியைச் செலவழிக்கும் அவசரத்தில் பழைய கோப்பு மறுபடி திறக்கப்படும். கூட்டம் அதற்கு முன் நடந்தாக வேண்டும்.