முதல் கிளாரினெட் பிளாஸ்டிக்கா இருக்கட்டுமே!

கிளப் கிளாரினெட்டில் ஒரு வருஷம் ஊதிப் பழகியாச்சு, இனி சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கீங்களா? உடனே நாலு பேர் வந்து, "வாங்குறதுதான் வாங்குற, மரத்துல வாங்கு. பிளாஸ்டிக் எல்லாம் பொம்மை" என்பார்கள். அப்பாவிடம் பெரிய தொகை கேட்கும் முன் இதைக் கொஞ்சம் படிச்சிடுங்க.

என் கட்சி இதுதான்: மாணவனின் முதல் கிளாரினெட் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் இருப்பதே நல்லது.

மரம்தான் நாதம் தரும் என்பது பாதி உண்மை. கிளாரினெட்டில் அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. குழாய்ச் சுவரின் அதிர்வால் ஒலியில் பொருட்படுத்தும் அளவு மாற்றம் வருவதில்லை என்று ஜான் பேக்கஸ் என்ற இயற்பியலாளர் 1964-லேயே சோதித்து எழுதிவிட்டார். விலை உயர்ந்த கருவி நன்றாக ஒலிக்கக் காரணம் துளைகளின் துல்லியம், உட்குழாயின் வடிவம், கீகளின் பொருத்தம். மரம் கையில் தரும் சுகம் வேற விஷயம். அதை நான் மறுக்கல.

அடுத்து, நம்ம வாழ்க்கை முறை. நாம் ஊதும் காற்று ஈரமும் சூடும் கொண்டது. மரத்தின் உள்பக்கம் உப்பும்போது வெளிப்பக்கம் ஏசியில் காய்ந்து கிடந்தால் விரிசல் விடலாம். அதனால்தான் புது மரக் கருவியை முதல் சில வாரங்கள் தினமும் கொஞ்ச நேரம் மட்டுமே வாசிக்கச் சொல்கிறார்கள். நாமோ செமஸ்டர் நேரத்தில் மூணு வாரம் தொடவே மாட்டோம். கல்ச்சுரல்ஸுக்கு முந்தின நாள் நாலு மணி நேரம் ஊதுவோம். ஏபிஎஸ் இதையெல்லாம் தாங்கும்.

அதுக்காகப் பேரே தெரியாத ஆன்லைன் மலிவுச் சரக்கை வாங்கிடாதீங்க. கீ உலோகம் மெத்துன்னு இருந்தா சீக்கிரம் வளையும். ரிப்பேர் செய்பவரே கையெடுத்துக் கும்பிடுவார். யமஹா 255 போல ஒரு நல்ல மாணவர் மாடல் போதும். மிச்சமாகும் காசில் நல்ல மவுத்பீஸும், இரண்டு அல்லது இரண்டரை நம்பர் ரீடு ஒரு பெட்டியும் வாங்குங்க. மரத்துக்குக் கொடுக்கும் காசைவிட மவுத்பீஸுக்குக் கொடுக்கும் காசு உங்க ஒலியை அதிகம் மாற்றும்.

கடையில் மூணு சோதனை செய்யுங்க.

ஒண்ணு, கசிவு. ஒரு பாகத்தின் துளைகளை விரலால் மூடி, அடியை உள்ளங்கையால் அடைத்து, மேலே வாயால் காற்றை உறிஞ்சுங்க. அந்த இழுப்பு சில விநாடி நிற்கணும். நிற்கலைன்னா பேட் சரியில்லை.

ரெண்டு, சுருதி. கிளாரினெட் ஒரு முனை மூடிய குழாய் போல நடந்துகொள்வதால், இடது கட்டைவிரலால் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் அதிர்வெண் இரண்டு மடங்காகாது, மூன்று மடங்காகும். கீழ் ஸ்வரம், மேல் ஸ்வரம் இரண்டையும் ட்யூனர் ஆப்பில் பாருங்க. ரெண்டும் சுருதியில் நிற்கணும். பி ஃபிளாட் கிளாரினெட்டில் 'சி' வாசித்தால் ஆப் 'பி ஃபிளாட்' என்றுதான் காட்டும், பயப்படாதீங்க.

மூணு, உங்க விரல். எல்லாக் கீயும் எட்டுதா, ஒரே அழுத்தத்தில் மூடுதா?

கர்நாடக சங்கீதம் வாசிக்கப் போறவங்க, வாங்கும் முன் ஆசிரியரிடம் அவர் வாசிப்பது போம் முறையா, பழைய ஆல்பர்ட் முறையான்னு கேட்டுக்குங்க. விரல் வைப்பு மாறும். நம்ம திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அய்யா இந்த மேற்கத்தியக் கருவியில் கமகம் பேச வைத்து, 2022-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அந்தக் கமகத்தை எந்தக் கடையிலும் விற்கிறதில்ல. அது மூச்சிலும் விரலிலும் வரணும்.

மரம் எங்கேயும் ஓடிப்போகாது. முதல் சம்பளம் வரட்டும், காதும் பழகட்டும், அப்போ நீங்களே ஊதிப் பார்த்துத் தேர்ந்தெடுங்க. அதுவரை, பெட்டியில் பத்திரமாத் தூங்கும் மரத்தைவிட ஹாஸ்டல் மாடியில் தினமும் ஒலிக்கும் பிளாஸ்டிக்தான் பெரிய வாத்தியம்!