பட்டன் போனுக்கும் அலையில் இடம் வேண்டும்

போசரியிலும் சாகணிலும் ஷிப்டு முடிந்து வெளியே வரும் நம்மவர்களின் கையில் பெரிய திரை போன் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் அவர்கள் கூப்பிடுவது ஊரில் அம்மா வைத்திருக்கும் பட்டன் போனைத்தான். அவற்றில் பல இன்னும் 2ஜியில் ஓடுபவை. அந்த 2ஜியை மூடிவிடலாம் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. நமக்குச் சம்பந்தமில்லாத விவகாரம் என்று இதை விட்டுவிட முடியாது.

2020 ஜூலை 31, இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு நடந்து 25 ஆண்டு நிறைந்த நாள். அன்று முகேஷ் அம்பானி, 30 கோடி பேர் 2ஜி காலத்தில் சிக்கியிருப்பதாகவும் அதற்கு முடிவு கட்ட வேண்டும் என்றும் பேசினார். அவருடைய ஜியோவிடம் 2ஜியே கிடையாது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

அலைவரிசை என்பது நிலம் மாதிரி. புதிதாக உண்டாக்க முடியாது. இருப்பதைப் பிரித்துக்கொள்ளத்தான் முடியும். 900 மெகாஹெர்ட்ஸ் அலை வெகுதூரம் போகும், சுவரையும் தாண்டும். 5ஜிக்குத் தரப்பட்ட 3300 மெகாஹெர்ட்ஸ் அலை நிறையச் சுமக்கும். ஆனால் தகரக் கூரைக்கும் கான்கிரீட்டுக்கும் முன் தளர்ந்துவிடும். ஆகவே 900 என்னும் நன்செய் நிலத்தின்மேல் எல்லோருக்கும் கண். அதில் முதலிலேயே குடியேறியது 2ஜி.

ஆனால் 2ஜி அதிகம் இடம் கேட்பதில்லை. 3ஜிக்கு ஒரே மூச்சில் 5 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். 2ஜிக்கோ 0.2 மெகாஹெர்ட்ஸ் கீற்றுகள் போதும். ஒவ்வொரு கீற்றையும் நேரத்தால் 8 பங்காக்கி முறைவைத்துப் பேசுவார்கள். 2019-லும் 2020-லும் ஏர்டெல் 3ஜியை மூடி அந்த இடத்தை 4ஜிக்குக் கொடுத்தது. 2ஜியை மட்டும் விட்டுவைத்தது. மூத்தவனும் இளையவனும் இருக்க, நடுப்பிள்ளை வீட்டை விட்டுப் போன கதை!

இப்போது 4ஜியும் 5ஜியும் ஒரே அலையில் குடித்தனம் நடத்தும் வழியும் வந்துவிட்டது. ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்து, யாருக்குத் தேவையோ அவருக்கு ஒதுக்குகிறது இயந்திரம். இதில் கொஞ்சம் சேதாரம் உண்டுதான். இருந்தாலும், இடமே இல்லை என்ற வாதம் எடுபடாது.

2ஜி பழுதற்றது என்று நான் சொல்லவில்லை. அதன் பாதுகாப்புப் பூட்டு பழசு. போலி டவர் வைத்து ஏமாற்றுவோருக்கு வசதி. என்றைக்காவது அது போகத்தான் வேண்டும். எப்படிப் போவது என்பதே நம் கேள்வி. சிங்கப்பூர் 2015-லேயே அறிவித்து, 2017 ஏப்ரலில்தான் மூடியது. அது சிறிய நாடு. இங்கே இன்னும் நீண்ட அவகாசம் வேண்டும். மலிவான 4ஜி பட்டன் போன் கிராமத்துக் கடைக்கும் வர வேண்டும். 2023-ல் ஜியோ 999 ரூபாய்க்கு அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டதும் சரியான காரியம். அதுவரை ஒரு கீற்று அலை 2ஜிக்கு இருக்கட்டும்.

என் அம்மாவுக்குத் தெரிந்தது பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்தான். பாங்கி ரகசிய எண் வந்தால் பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொல்வான். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள், வீட்டில் இருக்கும் போன் 2ஜியா 4ஜியா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.