பழைய கேம் பெட்டியும் புதிய ஹோம் தியேட்டரும்: வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பலாமா?

கோடை சீசன் வந்துவிட்டால் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறும் கூட்டத்தை வணிகர்களாகிய நாம் நன்கு அறிவோம். காபித்தூள், மிளகு, பழம், உணவு, தங்குமிடம் என்று அந்தக் கூட்டத்தை நம்பிப் பிழைப்பவர்கள் பலர். சேர்வராயன் மலைக் கடைகளுக்கு எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக் சாமான்களை மொத்தமாகக் கொடுத்துவரும் நாமும் அவர்களில் ஒருவரே. ஆனால் ஒரு வகை வாடிக்கையாளர் மட்டும் பல கடைகளிலிருந்து வெறுங்கையோடு திரும்பிப் போவதைப் பார்த்து வருகிறோம். அவரைப் பற்றி எழுதவே இந்தக் கட்டுரை.

அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எஸ்டேட் பங்களா வைத்திருப்பவராகவோ, வீட்டில் விருந்தினரைத் தங்க வைத்துத் தொழில் செய்பவராகவோ இருப்பார். பரணில் கிடந்த டி.வி. கேம் பெட்டியைப் பையில் போட்டு எடுத்து வந்து, "அண்ணே, இதைப் புது டி.வி.யிலும் ஹோம் தியேட்டரிலும் மாட்ட முடியுங்களா?" என்று கேட்பார். கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "இதெல்லாம் இப்ப ஓடாதுங்க. பழைய இரும்புக் கடையில போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லிவிடுகிறார். வந்தவர் வாசலைத் தாண்டுவதற்குள் செல்போனில் ஆர்டர் போட்டுவிடுகிறார். வியாபாரம் மலையை விட்டு இறங்கிவிடுகிறது.

அந்தப் பெட்டியின் மதிப்பு

ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983-லும் சேகா நிறுவனம் 1988-லும் வெளியிட்ட பெட்டிகள்தான் இந்த வகைக்கு முன்னோடிகள். சேகா பெட்டியை 1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விநியோகம் செய்ய முன்வந்தது. அன்றைய இறக்குமதி வரி 80 சதவீதம். அதைச் சமாளிக்கவே அந்த ஏற்பாடு. அப்படியும் ஒரு பெட்டியின் விலை 18,000 ரூபாய்! அன்றைக்கு எத்தனை வீடுகளில் அந்தப் பணம் இருந்தது? அதனால்தான் நடுத்தரக் குடும்பங்கள் சென்னை பர்மா பஜாரில் கிடைத்த மலிவான போலிப் பெட்டிகளை நாடின. 1994-ல் சோனியின் பிளேஸ்டேஷனும், 2000-ல் பிளேஸ்டேஷன் 2-ம் வெளிவந்தன.

அப்பா ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வாங்கித் தந்த பொருளை மகன் முப்பது வருடம் காப்பாற்றி வைத்திருக்கிறார். அதைத் தன் பிள்ளைக்குக் காட்ட ஆசைப்பட்டு நம் கடைக்கு வருகிறார். அவரிடம் "குப்பை" என்று சொல்வது வியாபார தர்மமும் இல்லை, உண்மையும் இல்லை. பெரும்பாலான பெட்டிகளை இன்றைக்கும் மாட்ட முடியும்.

மாட்டும் முறை

பழைய பெட்டியில் மூன்று நிற ஒயர் வரும். மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. டி.வி.யில் இந்த மூன்று துளைகளும் இருந்தால் நேரே செருகிவிடலாம். பல புது டி.வி.க்களில் இவற்றுக்குப் பதிலாக ஒரே ஒரு சிறு ஏ.வி. துளை இருக்கும். அதற்கு டி.வி.யோடு வந்த ஒயர்தான் பொருந்தும். கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே இணைப்பு மாறுவதால், வேறு ஒயரைப் போட்டால் படம் வராமல் இரைச்சல் மட்டும் வரலாம். அப்போது மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் செருகிப் பார்த்தால் சில சமயம் சரியாகிவிடும். ஏ.வி. துளையே இல்லாத டி.வி.க்குத்தான் கன்வர்ட்டர் தேவை.

கன்வர்ட்டரில்தான் அதிகமான சரக்கு திரும்பி வருகிறது. ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக்குவது ஒரு வகை, எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி. ஆக்குவது இன்னொரு வகை. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலவே இருக்கும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. பழைய கேம் பெட்டிக்கு முதல் வகையே வேண்டும். அதற்கு 5 வோல்ட் மின்சாரமும் தனியாகக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விற்றால் மறுநாளே "ஓடவில்லை" என்று திரும்பி வரும்.

ஒலிக்கு இரண்டு வழிகள் உண்டு. பெட்டியை டி.வி.யில் மாட்டி, டி.வி.யிலிருந்து ஏ.ஆர்.சி. அல்லது ஆப்டிகல் ஒயர் வழியாக ஹோம் தியேட்டருக்குக் கொண்டு போவது முதல் வழி. இதுவே சுலபம். சிவப்பு, வெள்ளை ஒயர்களை மட்டும் ஹோம் தியேட்டரின் ஆக்ஸ் துளையில் நேராகச் செருகுவது இரண்டாவது வழி. புது டி.வி. படத்தைத் தயார் செய்யச் சற்று நேரம் எடுப்பதால் இந்த வழியில் ஒலி முந்திக் கொள்ளக்கூடும். டி.வி.யில் 'கேம் மோட்' போட்டால் தாமதம் குறையும். பிளேஸ்டேஷன் 2-ல் ஆப்டிகல் துளையே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. படம் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிந்தால் டி.வி.யில் 4:3 அளவுக்கு மாற்றிக் கொடுக்கலாம்.

மலைக்கென்று ஒரு தனிப் பிரச்சினையும் உண்டு. ஏற்காட்டுப் பனியிலும் ஈரத்திலும் கேசட்டின் உலோகப் பற்கள் கறுத்துவிடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரமும் சேர்ந்து கெடுக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருக வேண்டும். அடாப்டரில் வோல்ட்டும், பிளஸ் மைனஸும் பெட்டியில் அச்சிட்டுள்ளபடி இருக்க வேண்டும். ஜப்பான், அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 100, 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதாக இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது, எரிந்துவிடும்.

முடியாததையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாத்து சுடும் துப்பாக்கி இன்றைய தட்டை டி.வி.யில் வேலை செய்யாது. பழைய பட்டைக் குழாய் டி.வி.யில் கதிர் ஓடும் நேரத்தைக் கணக்கு வைத்தே அது செய்யப்பட்டது. படமும் பெரிய திரையில் சற்று மங்கலாகத்தான் இருக்கும். பணம் வாங்குவதற்கு முன் இதைச் சொல்லும் கடைக்காரரை வாடிக்கையாளர் மறக்க மாட்டார்.

கட்டுபடியாகுமா?

"சில நூறு ரூபாய்ச் சாமானுக்கு அரை மணி நேரம் மாரடிக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் இதுதான்: சாமானுக்குத் தனி, மாட்டிக் கொடுப்பதற்குத் தனி என்று பில் போடுங்கள். வீட்டுக்கே போய் மாட்டினால் கூலியைக் கூடுதலாகக் கேளுங்கள். யாரும் மறுப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய டி.வி. வாங்குபவர் வீட்டில் பழைய சாமான் ஏதாவது ஒன்று மாட்டப்படாமல் நிற்கத்தான் செய்யும். இன்று ஒயர் வாங்க வந்தவரே நாளை இன்வெர்ட்டருக்கும் வருவார். விலையில் ஆன்லைன் கம்பெனிகளோடு நம்மால் போட்டி போட முடியாது. ஆனால் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்து, ஓட்டிக் காட்டிக் கொடுக்க அவர்களால் முடியாது. நம்மிடம் மிச்சமிருக்கும் பலம் அது ஒன்றே.

சங்கம் செய்ய வேண்டியது

மொத்த வியாபாரிகள் கன்வர்ட்டர் பாக்கெட்டின் மேல் "பழைய பெட்டியிலிருந்து புது டி.வி.க்கு" என்று தமிழில் சீட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். வகை மாறிப் போன சரக்கை ஒரு வாரத்துக்குள் கொண்டு வந்தால் மாற்றித் தர வேண்டும். எங்கள் கடையில் இப்படித்தான் செய்கிறோம். நஷ்டம் எதுவும் வரவில்லை. மலைக் கடைக்காரர் ஒரு கன்வர்ட்டரை மாற்றுவதற்காகச் சேலத்துக்குப் போய் வர ஒரு நாள் பாழாகிறது என்பதை மொத்த வியாபாரிகள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சங்கம் மே மாதக் கோடை விழாவுக்கு முன் ஒரு அரை நாள் செய்முறைப் பயிற்சி நடத்தலாம். ஒரு புது டி.வி., ஒரு ஹோம் தியேட்டர், இரண்டு பழைய கேம் பெட்டிகள் போதும். கடைப் பையன்களையும் அழைத்து வாருங்கள்; நம்மைவிட அவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். 2023 ஏப்ரல் முதல் நாட்டில் புதிய மின்னணுக் கழிவு விதிகள் நடைமுறையில் உள்ளன. ஓடக்கூடிய பொருளைக் கழிவாக்காமல் காப்பது அந்த நோக்கத்துக்கும் உதவி.

வரும் சீசனில் பழைய பெட்டியோடு ஒருவர் உங்கள் கடைக்கு வந்தால் முதலில் உட்காரச் சொல்லுங்கள். பிறகு பெட்டியை வாங்கி, பின்பக்கம் என்னென்ன துளைகள் இருக்கின்றன என்று பாருங்கள். "ஓடாது" என்ற வார்த்தையை அதற்குப் பிறகு சொல்லிக் கொள்ளலாம்.