கணனிக்கூடத்தின் கதவை அடைத்தவர் யார்?

பெண்ணின் மூளைக்கும் கணனிக்கும் பொருந்தாது என்ற வாதம் சந்தை வம்பாக மாத்திரம் இருந்திருந்தால் நாம் அதனைப் பொருட்படுத்தியிருக்க மாட்டோம். ஆனால், 2005ஆம் ஆண்டு ஜனவரியில், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த லோறன்ஸ் சமர்ஸ், விஞ்ஞான, பொறியியற் துறைகளின் உயர்பதவிகளிலே பெண்கள் அருகியிருப்பதற்குப் பிறவித்திறமையின் வேறுபாடும் ஒரு காரணமாகலாம் என்று ஒரு மாநாட்டிலே கூறினார். பாமரன் சொன்னால் மூடநம்பிக்கை. பல்கலைக்கழகத் தலைவர் சொன்னால் கருதுகோள்! போகட்டும். இவ்வாதத்தைக் கணனித்துறையின் சரித்திரத்தின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

'கொம்பியூட்டர்' என்ற ஆங்கிலச் சொல் ஒரு காலத்தில் இயந்திரத்தைக் குறிக்கவில்லை; கணக்குப் போடும் ஆளைக் குறித்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, பீரங்கிக் குண்டு செல்லும் பாதையைக் கணிக்கும் வேலையை அமெரிக்க இராணுவம் பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மூர் கல்லூரியிலே நடத்திற்று. அங்கே அந்தப் பெயரோடு மேசைக் கணிப்புப்பொறிகளின் முன் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் பெண்கள். ஒரே ஒரு பாதையைக் கணித்து முடிக்க முப்பது, நாற்பது மணித்தியாலம் செல்லும். அயர்லாந்திலே பிறந்து, 1942இல் கணிதத்தில் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே இவ்வேலையிற் சேர்ந்தவர் கத்லீன் மக்னல்ரி. அவருக்கு நிர்ணயிக்கப்பட்ட ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு 1,620 டொலர். பதவியின் தரமோ, அரசாங்க ஏடுகளின்படி, 'தொழில்முறைக்குக் கீழ்ப்பட்டது'. கணிதப் பட்டதாரி செய்யும் கணித வேலை எவ்வாறு தொழில்முறைக்குக் கீழ்ப்பட்டதாகும் என்று அக்காலத்து அதிகாரிகள் எவரும் தம்மைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

1945இல், ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்களைக் கொண்ட 'எனியாக்' என்னும் பெரும் மின்கணனி அதே கல்லூரியில் உருவாகி வந்தபோது, அதனை இயக்க ஆறு பெண்கள் தெரிவுசெய்யப்பட்டனர். மக்னல்ரியோடு பெற்றி ஜெனிங்ஸ், பெற்றி ஸ்னைடர், மார்லின் வெஸ்கொவ், பிரான்ஸெஸ் பிலாஸ், றூத் லிக்ரமன் ஆகியோர். இயந்திரம் இருந்த அறைக்குள் நுழைய ஆரம்பத்தில் அவர்களுக்கு அனுமதியில்லை, இராணுவ இரகசியமாம். கற்பிக்க ஆசிரியரில்லை, வழிகாட்டி நூலில்லை, கணனிமொழி என்ற ஒன்றே அன்று இல்லை. சுற்றுக்களின் வரைபடங்களை மாத்திரம் விரித்து வைத்துக்கொண்டு, இயந்திரம் எப்படி வேலை செய்கிறதென்பதைத் தாமே கண்டுபிடித்தனர். எந்தக் கம்பி எங்கே பொருந்த வேண்டும், எந்த ஆளி எந்நிலையில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு கணக்குக்கும் வகுத்தனர். இன்று 'நிரலாக்கம்' என்று பெருஞ்சம்பளம் கொடுத்துப் போற்றப்படும் தொழில் இதுவேயாகும்.

1946 பெப்ரவரி 15ஆம் திகதி இயந்திரம் உலகுக்குக் காட்டப்பட்டது. ஜெனிங்ஸும் ஸ்னைடரும் வகுத்த கணக்கில் முன்னிரவிலும் ஒரு பிழை நின்றது. வீடு சென்று உறங்கிய ஸ்னைடருக்கு, எந்த ஆளி தவறாக நிற்கிறதென்பது விடியும்போது புலப்பட்டது, வந்து திருத்தினார். முப்பது விநாடியிற் குறியை அடையும் குண்டின் பாதையை எனியாக் இருபது விநாடியிலே கணித்தது. கூடியிருந்தோர் வியந்தனர். (மனிதரைக் கொல்லும் கருவிக்கான கணக்கு அது என்பதை நாம் மறக்கவில்லை. நமது வழக்கு இங்கே அதைப் போட்ட கைகளைப் பற்றியது.) அன்றிரவு பல்கலைக்கழகத்தில் விருந்து நடந்தது. அப்பெண்கள் அழைக்கப்படவில்லை.

நாற்பது வருடங்களின் பின்னர், காத்தி கிளைமன் என்ற மாணவி பழைய புகைப்படங்களிலே இப்பெண்களைக் கண்டு, இவர்கள் யாரென வினவினார். விளம்பரத்துக்காக இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தப்பட்ட அலங்கார மங்கையர் என்று பதில் கிடைத்தது. குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் நின்று சிரிப்பார்களே, அத்தகையோராம்! கிளைமன் அப்போது பயின்றது, பின்னாளில் சமர்ஸ் தலைமை வகித்த அதே ஹாவார்ட்டில்.

எழுத்துவினைஞரின் வேலை என்று கருதப்பட்டவரை நிரலாக்கத்துக்குப் பெண்ணின் மூளை போதுமானதாயிருந்தது. கௌரவமும் பணமும் சேர்ந்த பின்னரே அம்மூளையின் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டது.

1984இல் அமெரிக்காவிற் கணனி விஞ்ஞானப் பட்டம் பெற்றோரில் 37 வீதத்தினர் பெண்கள். 2010 அளவில் அது 18 வீதமாகச் சுருங்கிற்று. கால் நூற்றாண்டுக்குள் பிறவிக்குணம் பாதியாகத் தேயுமா? அங்கே நடந்தது வேறு. வீட்டுக்கணனி ஆண்பிள்ளையின் விளையாட்டுப்பொருளாக விற்கப்பட்டது. தகப்பன் அதனை வாங்கி மகனின் அறையிலே வைத்தான். பல்கலைக்கழகமோ அந்த மகனையே அளவுகோலாக்கிக் கொண்டது. உள்ளே சென்ற பெண்களின் நிலை என்ன? மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் கணனி ஆய்வுகூடங்களில் ஆராய்ச்சி செய்த பெண்கள் 1983இல் ஓர் அறிக்கை எழுதினர். தம்மைச் செயலாளராக எண்ணிக்கொள்வதையும், கூட்டத்தில் தாம் கூறுவது செவியில் ஏறாததையும், ஆய்வைவிட்டுத் தோற்றத்தைப் பற்றிப் பேசுவதையும் அதிலே பதிவுசெய்தனர். தனித்தனியே பார்த்தால் யாவும் சிறு விடயங்கள். நாள்தோறும் அனுபவிப்பவளுக்கு அவை சிறியனவல்ல.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணனி விஞ்ஞானப் பிரிவில் 1995இல் புதிதாகச் சேர்ந்தோரில் 7 வீதத்தினரே பெண்கள். ஜேன் மார்கோலிஸும் அலன் பிஷரும் அங்கே மாணவர்களை வருடக்கணக்கில் விசாரித்து ஆராய்ந்தனர். நிரலாக்கத்தில் முன்னனுபவம் உள்ளோருக்கு அனுமதியிற் கொடுக்கப்பட்ட சலுகை நீக்கப்பட்டது. அனுபவமின்றி வருவோருக்கென வேறு ஆரம்பப் பாடங்கள் வகுக்கப்பட்டன. 2000இல் பெண்கள் 42 வீதத்தினராயினர். தரம் தாழ்ந்துவிட்டதென்று ஓலமிடுவோருக்கு ஒரு செய்தி: முன்னனுபவம் இருப்பதும் இல்லாததும் இறுதி வெற்றியைத் தீர்மானிக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

அந்தக் கதவின் திறப்பு நிர்வாகிகளின் மேசையிலே கிடந்தது. ஐந்தே வருடத்தில் எடுத்துத் திறந்தார்கள். ஏனைய பல்கலைக்கழகங்களின் கனவான்கள் அதனை எந்த லாச்சியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று கேட்க எமக்கு உரிமையுண்டு.